இலத்தீன் தீர்ந்த பக்கம்

நாவாந்துறைக் கோவிலின் பழைய மரணப் பதிவேட்டைக்
கணினியில் ஏற்றுவது என் வேலை.
பக்கத்துக்கு முப்பது ரூபாய்.
ஆண்டின் கடைசி இலக்கத்தைக் கறையான் தின்றுவிட்டது.
அந்தக் கட்டத்தில் ஒரு கேள்விக்குறி.

வாந்திபேதி எந்தத் தோணியில் வந்து இறங்கியது
என்று எழுதியில்லை.
நான்காம் பக்கத்திலிருந்து
சாமியாரின் வரிகள் நெருங்கத் தொடங்குகின்றன.
முன்பு இடையில் எறும்பு ஓட இடமிருந்தது.
ஒபீயித், ஒபீயித், ஒபீயித்.
இறந்தான், இறந்தாள், இறந்தது:
இலத்தீனுக்கு மூன்றும் ஒரே சொல்.

ஒன்பதாம் பக்கம். பாதி வரி.
மனுவேலாக இருக்கலாம் அந்தப் பெயர்.
அதன் கடைசி எழுத்து
காகித விளிம்புவரை இழுபட்டுக் கிடக்கிறது.
அடுத்த வரி தமிழ்.

எழுதியவர் சங்கிலித்தாம் நீக்கிலாப்பிள்ளை,
மணி அடிக்கிறவர், மெழுகுதிரி அணைக்கிறவர்.
ஓலையில் பழகிய கை,
மெய்யெழுத்து ஒன்றுக்கும் புள்ளியில்லை.
'இண்டைக்கு விடிய எங்கட சாமியார் மோசம்போனார்.
அவருக்கு அவஸ்தை பூச ஆருமில்லை.
நான் தண்ணி குடுத்தன்.'

உயர்தரத்தில் எனக்கு ஐரோப்பிய வரலாறு.
கறுப்புச் சாவின் விளைவுகளைத் தருக.
குருமார் பெருந்தொகையாக இறந்தனர்.
மடங்களில் நூல்களைப் படியெடுக்க ஆளின்றிப் போயிற்று.
இலத்தீன் அறிந்தோர் குறைய
ஊர்மொழிகள் எழுத்தில் ஏறின.
மூன்றாவதற்கு நான்கு புள்ளி.
முழுவதும் வாங்கினேன்.

அந்த மூன்றாவது விளைவுக்கு
விரலில் மெழுகு ஒட்டியிருக்கும் என்றோ
சட்டை நாறியிருக்கும் என்றோ
ஒருவரும் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை.

நீக்கிலாப்பிள்ளைக்கு எதை விடுவதென்று தெரியாது.
'சவிரியாள். நண்டு விக்கிறவள். எனக்கு நாலு பணம் கடன். விட்டன்.'
'அவுறாம்பிள்ளை. தூக்க ஆளில்லை. மீன் வண்டிலிலை
சேமக்காலைக்குக் கொண்டுபோனம்.'
'கயித்தான்ரை பெடியன். பிறந்து ரெண்டு நாள், பேர் வைக்கேல்லை.
நான் அந்தோனி எண்டு வச்சன்.'
'இண்டைக்கு ஏழு. மணி அடிக்கேல்லை, சனம் பயப்பிடுது.'
பிறகு, தனியாக, நடுப் பக்கத்தில்:
'இண்டைக்கு ஒருத்தருமில்லை.
செபஸ்தியாருக்குத் தோத்திரம்.'

மரணப் பதிவேட்டில் போய்
சாவில்லாத நாளை எழுதியிருக்கிறான் மனிதன்.

பதினான்காம் பக்கத்தில் புதிய சாமியார்.
சரிந்த, அழகான எழுத்து.
தமிழ்ப் பக்கங்கள் ஐந்திலும் மூலைக்கு மூலை ஒரு கோடு.
கோபமில்லை, அளவுகோல் வைத்துத்தான்.
எல்லோரையும் திரும்ப எழுதியிருக்கிறார்,
திகதி ஒழுங்கில், நாற்பத்தொரு ஒபீயித்.
நாலு பணக் கடன் இல்லை. வண்டில் இல்லை.
தண்ணீர் குடுத்தது இல்லை.
அந்தோனி
மறுபடியும் பெயரில்லாத ஆண்குழந்தை.

மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்:
கோடு போட்ட பக்கங்களை விடுங்கோ,
எண்ணிக்கை இரட்டிக்கும். காசும் அதற்கில்லை.
நியாயம்தான்.

மத்தியானம் மின்சாரம் போய், மூன்று மணிக்கு வந்தது.
அறையில் வேறு யாருமில்லை.
ஒன்பதாம் பக்கத்துக்குத் திரும்பினேன்.
பெயர்: அந்தோனி. தந்தை: கயித்தான். காரணம்: பேதி.
குறிப்புக் கட்டம் ஐம்பது எழுத்துக்குமேல் எடுக்காது.
பெயர் வைத்தவர் மணி அடிப்பவர், என்று அடித்தேன்.
இன்னும் கொஞ்சம் இடமிருந்தது.

கடைசியாக அந்த ஒரு திகதி.
பெயர்க் கட்டத்தை வெறுமையாய் விட்டுச் சேமிக்கப் பார்த்தேன்.
சிவப்பில் கேட்டது:
இறந்தவரின் பெயர் கட்டாயம்.

ஒருத்தருமில்லை,
என்று அடித்தேன்.
ஏற்றுக்கொண்டது.