உள்பக்கக் கொண்டி

றோட்டு, வாய்க்கால், சந்தைக் குத்தகை எல்லாம் முடிஞ்சு
எழும்புற நேரம்
அரியமலர் மெம்பர் கேட்டா:
"வறியோர் இல்லத்துக் கக்கூசுக்கு
ஏன் வெளியால மட்டும் கொண்டி?"

ஆரோ சிரிச்சினம்.
நான் கூட்டக் குறிப்பு எழுதுற கிளாக்கர்;
சிரிப்பை எழுதேல்லை.

பதினொரு கொண்டி.
சுன்னாகத்தில தன்ர காசுக்கு வாங்கி
ஆசாரியோட தானும் நிண்டு
உள்பக்கமாப் பொருத்துவிச்சா.
வவுச்சர் மூண்டு மாதம்
என்ர மேசையில கிடந்தது.
பிறகு ஆளுக்கொரு துவாய்,
கஞ்சிக்கு உப்புத் தனிய.

அடுத்த தேர்தலில தோத்தா.
மதிலில அவவின்ர மூக்குக்கு மேல
வேற ஆளின்ர சிரிப்பை ஒட்டினாங்கள்.

நேற்று கணக்குப் பாக்க இல்லத்துக்குப் போனன்.
சாத்தின கதவொண்டைத் தள்ளிப் பாத்தன்.
"ஆள் இருக்கு, பொறும்!"
உள்ளுக்கிருந்து ஒரு குரல்,
அதிகாரமா.