இடது பின்சக்கரம்

உச்சிப்புளி தாண்டினதும் எரியும்
ஏபிஎஸ் மஞ்சள் விளக்கு.
பிரேக் பிடிக்கத்தான் செய்கிறது,
ஆனாலும் எரிகிறது.
"பல்பக் கழட்டிருவோம், எரநூறு ரூவா"
என்றான் மண்டபத்தில் ஒருத்தன்.

ஜெர்வாஸ் கழற்றவில்லை.
ஃபியூஸ், ஆயில்,
பிறகு மீட்டர் முனையோடு
சக்கரம் சக்கரமாய்க் குனிந்தான்.
மூன்று, ஆயிரத்துச் சொச்சம் ஓம் என்றன.
இடது பின்சக்கரம்
ஒயரை ஆட்டினால் பேசும்,
விட்டால் ஊமை.
கப்ளரைப் பிரித்தால்
உள்ளே பாசிப்பச்சை.

"கடக்காத்து" என்றேன்.
பதினாறு வருச வண்டி, வேறென்ன.

மல்லாந்து கிடந்தவன்
மேலே விரல் நீட்டினான்.
தகரத்தில் சுண்டுவிரல் பொத்தல்.
அதற்கு நேர் மேலே என் நண்டுப்பெட்டி.
உச்சிப்புளி வரும்போதுதான்
ஐஸ் உருகத் தொடங்கும்.

நாலு வருசம்
கடலை ஏசியிருக்கிறேன்.

புதுச் சென்சார் ராமநாதபுரத்திலிருந்து
பஸ்ஸில் வந்தது.
பொத்தலுக்கு எம்சீல்.
பெட்டியை வலப்பக்கம் நகர்த்தப் போனேன்.
"அந்தச் சக்கரம் என்ன பாவம் செஞ்சுச்சு?"
என்றான்.
அடியில் ஒரு தட்டு வைத்தேன்.

சாவி போட்டேன்.
ஒன்று. இரண்டு. மூன்று.
அணைந்தது.

மறுநாள் உச்சிப்புளியில்
சாலையில் யாருமில்லை.
கால் மட்டும்
லேசாய் ஒரு மிதி மிதித்துக்கொண்டது.