நெட்வொர்க் இல்லை

பச்சை பெயின்ட் அடித்த தகரப் பெட்டி என் கடை.
கிசுமுவில், கொண்டெலே நிறுத்தத்தில்,
மட்டாட்டு வேன்கள் ஹாரன் அடித்துத் திரும்பும் இடம்.
கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் கைகள்.
ஒன்பது வருஷத்தில்
முகங்களைவிடக் கைகளைத்தான் அதிகம் தெரியும்.

மீன் செதில் ஒட்டிய நோட்டு ஏரிக்கரையிலிருந்து வருவது.
எட்டாய் மடித்து வியர்த்த நோட்டு
யாரிடமோ கடன் வாங்கியது.
அதை நீட்டுகிறவர்கள்
செல்போனில் பணம் ஏற்றச் சொல்லும்போது குரல் தாழும்,
நல்ல செய்தியைக் கண் படாமல்
கொண்டுபோகிறவர்களைப் போல.

மார்ச்சில் அப்படித்தான் ஓபியோ வந்தான்.
கனடாவில் கிடங்கு வேலையாம்.
வாட்ஸ்அப்பிலேயே நேர்காணல், பதினொரு நிமிஷம்.
பெட்டி தூக்க முடியுமா என்று டைப் அடித்துக் கேட்டார்களாம்,
முடியும் என்று இவன் டைப் அடித்தானாம்,
தேர்வாகிவிட்டானாம்.
மருத்துவச் சோதனைக்கு மட்டும்
மூவாயிரத்து அறுநூற்று ஐம்பது ஷில்லிங்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
கேட்பது உன் வேலை இல்லை என்று
பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.
வந்த கமிஷனில் ஒரு சப்பாத்தி, ஒரு டீ.

பிறகு ஓபியோ இந்தப் பக்கம் வருவதில்லை.
எதிர்ச்சாரியில் நடக்கிறான்.

இன்றைக்கு மதியம் மறுபடி அவன்.
அதே புருவம், அதே முன்பல் இடைவெளி.
"மூவாயிரத்து அறுநூற்று ஐம்பது."
திக்கென்றது.
ஒரே குழியில் ஒருவன் இரண்டு தடவை விழுவானா?

அப்புறம்தான் கையைப் பார்த்தேன்.
ஓபியோவின் கட்டைவிரலில் வெல்டிங் சுட்ட தழும்பு உண்டு.
இந்தக் கை வழுவழு.
லுவோ வீடுகளில் இரட்டையரில் முந்திப் பிறந்தவன் ஓபியோ,
பிந்தியவன் ஓடோங்கோ.
ஒரே வயிறு, ஒரே அறை, ஒருவேளை ஒரே மெத்தை.
இருந்தும் அண்ணன் வாயைத் திறக்கவில்லை.
ஏமாற்றியவனுக்குச் சம்பளமில்லாமல்
உழைத்துக்கொண்டிருந்தது அந்த வெட்கம்.

கேட்காமலே கடிதத்தைக் காட்டினான்.
மேப்பிள் இலை முத்திரை ஓரத்தில் நசுங்கியிருந்தது.
பெரிய கம்பெனிப் பெயருக்குக் கீழே ஜிமெயில் முகவரி.
அன்புள்ள விண்ணப்பதாரரே என்று ஆரம்பம்,
அவன் பெயரோ கடைசி வரி வரை இல்லை.
மாலை ஐந்துக்குள் கட்டாவிட்டால் இடம் வேறொருவருக்கு.
கட்டவேண்டியது நம்ம ஊர் செல்போன் நம்பருக்கு.

"எப்போ விண்ணப்பம் போட்டாய்?"
யோசித்தான்.
"போடலையே. அவங்களே தேடி வந்தாங்க."
அதில் கொஞ்சம் பெருமை இருந்தது.
அதன்மேல் கை வைக்க எனக்கு மனசு வரவில்லை.

ஓபியோ கதையைச் சொல்லிவிடலாம்.
வலைக்கு இந்தப் பக்கம் தெரிந்தது
அந்தப் பக்கம் போகக்கூடாது என்பது விதி.
விதிகூடப் பரவாயில்லை,
எதிர்ச்சாரியில் அவன் தலை குனிந்து நடக்கிற நடை
என் வாயைக் கட்டியது.

பின்னால் ஒமேனா மீன்காரி கூடையால் இடித்தாள்.
"நெட்வொர்க் இல்லை," என்றேன்.
என் போனில் நான்கு கோடும் முழுசாய் நின்றன.
"எப்போ வரும்?"
"ஐந்துக்கு மேல."
அவன் முகம் போன போக்கைப் பார்க்காமல்
கல்லாவைப் பார்த்துச் சொன்னேன்:
"வீட்டுக்குப் போ. அண்ணன்கிட்ட
மூவாயிரத்து அறுநூற்று ஐம்பதுன்னு மட்டும் சொல்லு.
வேற ஒண்ணும் கேக்காதே."

போனான். வீட்டுக்குத்தானா?
இந்தத் தெருவில் நாற்பது அடிக்கு ஒரு பச்சைப் பெட்டி.
எல்லாவற்றிலும் நெட்வொர்க் இருக்கிறது.

"ஏண்டி அவுவோர், இல்லைன்னியே,
எனக்கு மட்டும் எப்படி வந்தது?" என்றாள் மீன்காரி.
செதில் நோட்டை வாங்கிக்கொண்டு
இப்போதான் வந்தது என்றேன்.

ஐந்தே காலுக்கு எதிர்ச்சாரியில் ஒருவன் நின்றான்.
தெருவைக் கடக்கவில்லை.
எனக்குத்தான் கை உயர்த்தினானா,
ஏரிப் பக்கத்து வெயிலை மறைத்தானா?
ஓபியோவா, ஓடோங்கோவா?
இவ்வளவு தூரத்தில் தழும்பு தெரியாது.