பார்சல் டீ

தொடையில் தோல் வழன்றிருந்தது.
ஸ்டான்லியில் பதிவேட்டைத் திறந்த ஏட்டு
தலை நிமிராமல் கேட்டார்:
"யாரும்மா ஊத்துனது? புருசனா?"

டீ சார். பார்சல் டீ.
எட்டுப் பேருக்கு.
மடியில வச்சு ஷேர் ஆட்டோவுல வந்தேன்.

"அதான், யாரு?"

நாலு சுற்ற வேண்டிய ரப்பர் பேண்டை
ரெண்டோடு விட்ட மாஸ்டர் அஷரப்பா?
சூரியநாராயணா தெருப் பள்ளமா?
கன்டெய்னருக்கு ஒதுங்கி
சடக்கென்று பிரேக் போட்டவனா?
ஆறிப்போச்சென்று நேற்று
என் காலடியில் கொட்டிய சூப்பர்வைசரா?

"கொதிக்கக் கொதிக்கக் கட்டுண்ணே"
என்றது நான்தான்.

ஒரு பெயருக்கு மட்டுமே இடமிருந்த கட்டத்தில்
பேனா நின்றது.

டீக்காசு தொண்ணூற்றாறு ரூபாய்
என் கூலியிலதான் பிடிப்பாங்க, சார்.
அதை எந்தக் கட்டத்துல எழுதுவீங்க?