பெயர் வெட்டியவை

லிஸ்ட் மதினி கையில்.
ரூல் போட்ட நோட்டில் நடுவே ஒரு கோடு,
இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர்.
பீரோ, கட்டில், கிரைண்டர் எல்லாம்
போன வாய்தாவிலேயே பேசி முடிந்தது.
பாத்திரத்தை மட்டும்
நீங்களே பிரிச்சுக்கோங்க என்று விட்டுவிட்டார்கள்.
ஈயம் பித்தளைக்கெல்லாம்
எந்த வக்கீல் மெனக்கெடுவார்.

பெருமாள்புரம் வீட்டுப் பட்டாசலில்
பழைய போர்வையை விரித்து
பரணில் கிடந்ததை இறக்கினோம்.
ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்க வேண்டும்.
கழுத்திலோ அடியிலோ
வெட்டியிருக்கும் பெயர்தான் சாட்சி.

அவருக்குக் கண்ணாடி அகப்படவில்லை.
அதனால் நான் வாசித்தேன்.

"கருங்குளம் ஆறுமுகம், சீர்."
என் மாமா. என் பக்கம்.
"சு. பிரமநாயகம், புதுமனை, 2012."
அவர் பக்கம்.
"தாழையூத்து ஆபீஸ் நண்பர்கள்."
அவர் பக்கம். அந்த நண்பர்களில் ஒருவரும்
இப்போது போனை எடுப்பதில்லை என்பது வேறு.
காதுகுத்துக்கு வந்த ஏழு டம்ளர்
பையனுக்கு.
மதினி பேனாவைக் கொஞ்ச நேரம் தூக்கிப் பிடித்துவிட்டு
என் பக்கம் டிக் போட்டாள்.

இட்லிக் கொப்பரை வந்தது.
"பிரமநாயகம் – சண்முகவடிவு, 4.9.2008."
டவுன் ரத வீதியில்
மிஷின் பேனாவால் கிர்ரென்று வெட்டிய பையன்
ரெண்டு பேருக்கும் நடுவில் ஒரு கோடு போடட்டுமா
என்று கேட்டான். அழகுக்கு.

'நீயே கொண்டு போ.'
'ரெண்டு பேருக்கு இம்புட்டுப் பெரிசு எதுக்கு?
நீங்க வச்சிக்கிடுங்க.'
'ஒருத்தனுக்கு எதுக்கு?'
மதினி அதை எழுதவே இல்லை.

அப்புறம் ஒரு சின்னத் தூக்கு.
திருப்பினேன்.
"ஞா. எஸ்தர் ஜெபக்கனி."

'யாரு இது?'
'யாரு?'
கோர்ட் வராண்டாவில் முகம் பார்க்காதவர்கள்
பார்த்துக்கொண்டோம்.
'முருகன்குறிச்சி வாடகை வீட்டுல, மாடியில,
அந்த டீச்சர்லா!'
'அச்சுமுறுக்கு!'
'கிறிஸ்துமஸுக்குக் குடுத்து விட்டாங்கள்லா.'
'பதிமூணு வருசமா திருப்பிக் குடுக்கலையா, ஏட்டி?'

ஏட்டி என்று சொல்லிவிட்டார்.
சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது.
அதற்குள் சிரித்துவிட்டிருந்தோம்.
மதினி பார்த்த பார்வையை
நான் எப்படிச் சொல்ல.

வெறும் பாத்திரமாகத் திருப்பக் கூடாதென்றுதான்
வைத்திருந்தேன்.
பொங்கலுக்குப் பார்த்தால் டீச்சர் ஊரில் இல்லை.
பொருவிளங்காய் உருட்டலாமென்றால்
அந்த மாதம் எனக்கு வறுத்த மாவு வாசமே ஆகாது,
பையன் வயிற்றில்.
பிறகு அவர்களுக்கு நாசரேத்துக்கு மாற்றல்.
பிறகு எங்களுக்கு இந்த வீடு.
எதை நிரப்பிக் கொடுக்க என்று
யோசித்துக்கொண்டே இருந்தேன்,
அவ்வளவுதான்.

'யக்கா, கயிறு இறுக்கியாச்சு' என்றான்
குட்டியானைக்காரன்.
அவர் கேட் வரை வந்தார்.
கேஸ் புக்கு உள்ள இருக்கா பாத்துக்கோ என்றார்.
பார்த்துவிட்டேன் என்றேன். பார்க்கவில்லை.

வண்ணார்பேட்டை தாண்டி ஆற்றுப் பாலம்.
ஐப்பசித் தண்ணீர்
கலங்கிப் போய்க்கொண்டிருந்தது.
முன்சீட்டில் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்து,
பையன் மடியில் மிக்சி ஜார்,
என் மடியில் தூக்கு.
எந்தப் பக்கத்திலும் அது எழுதப்படவில்லை.
யார் எடுத்ததென்று கேட்டால்
கைதான் எடுத்தது என்பேன்.

ஜங்ஷன் வந்ததும்
நிறுத்திக் கால் கிலோ அல்வா வாங்கி
நிரப்பிவிடலாமா என்றிருந்தது.
வேண்டாம்.
பதிமூன்று வருசம் கழித்து வந்து
அல்வா கொடுத்தாள் என்பார் டீச்சர்.

'பேட்டையில நெட்டு கிடைக்குமாம்மா?'
'கிடைக்கும்.'
'அதுல என்ன இருக்கு?'
'ஒண்ணும் இல்ல.'
'பின்ன ஏன் இப்படி இறுக்கிப் பிடிச்சிருக்க?'

மேம்பாலத்து இறக்கத்தில் ஒரு பள்ளம்.
பின்னால் எல்லாப் பெயர்களும்
ஒன்றோடொன்று மோதிக்கொண்டன.