இருக்கை

பதினோராம் நாள் காரைத் திருப்பித் தந்தார்கள்.
டவுன்ஸ்வில் காவல்துறைக் கிடங்கில்
தகரக் கூரை வெயிலில் நெளிந்துகொண்டிருந்தது.
மூன்று இடங்களில் கையெழுத்து.
இடப்பக்கக் கதவு உள்வாங்கியிருந்தது.
பின்னிருக்கையெல்லாம் சிப்ஸ் தூள்.
மருத்துவமனை நிறுத்துமிடச் சீட்டு மட்டும்
ஒட்டிய இடத்திலேயே இருந்தது,
டெஸ்லி ஹவுப்ட், இரவுப் பணி.

முந்தைய வியாழன்தான் கூட்டம்.
நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றோம்.
இறைச்சிக்கடை கிரேம் மைக்கைப் பிடுங்கிச் சொன்னார்:
பெரியவன் செய்கிற குற்றமா?
பெரியவன் போகிற சிறை.
தட்டினோம்.
முந்தின இரவு தூங்காத என் கைகளும் தட்டின.
யாரோ பிரம்படி என்றார்கள்.
யாரோ பெற்றவளை உள்ளே போடு என்றார்கள்.
பிடிபட்டவனின் பெயரைச் சட்டம் மறைத்துவிட்டது,
வயது மட்டும்தான் எங்களிடம் இருந்தது.
பன்னிரண்டு, பன்னிரண்டு என்று
அதையே சொல்லிக்கொண்டிருந்தோம்,
ஏதோ துப்பாக்கியின் ரகத்தைச் சொல்வதுபோல.

கடைசி வரிசையில் வனெஸா கெட்செல் எழுந்தாள்.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
"அந்தப் பையன்" என்று தொடங்கினாள்.
மீதியை
நாற்காலிகள் இழுபடும் சத்தம் தின்றது.
கேட்டிருக்கலாம், வாசலில் நிறுத்தி.
எனக்குப் பணிக்கு நேரமாகியிருந்தது,
நடந்து போக வேண்டியிருந்தது,
அவனால்.

இப்போது கதவைத் திறந்து உட்காரப் போனால்
உட்கார முடியவில்லை.
முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது.
கடைசிப் பல்வரை
முன்னால் இழுத்துவைத்த இருக்கை.
முதுகு சாயும் இடத்தில் நாலாக மடித்த
என் கடற்கரைத் துண்டு.
பின்பார்வைக் கண்ணாடி குனிந்து
என் கழுத்தைக் காட்டியது.
நான் ஐந்தடி மூன்றங்குலம்.
என்னை உயரம் என்று
இதுவரை யாரும் சொன்னதில்லை.

கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.
காப்பீடு போக அறுநூறு டாலர் என் தலையில்.
கதவு இனி ஒழுங்காகச் சாத்தாது.

கிடங்குக்காரர் கண்ணாடியைத் தட்டினார்:
"எதையாவது காணோமா?"
இல்லை என்றேன்.
பாதி உள்ளே, பாதி வெளியே நின்றபடி
இருக்கைக்கு அடியில் கைவிட்டுத் துழாவினேன்.
பின்னால் தள்ளும் நெம்புகோல்
முன்பக்கமா, ஓரமா, தெரியவில்லை.
ஏழு வருடமாக என் கார்.
ஒருநாளும் தேவைப்பட்டதில்லை.

அவன் இருட்டில் கண்டுபிடித்திருக்கிறான்.