நொடிக்கு ஐம்பது முறை

வாலிநோக்கம் உப்பளத்தை ஒட்டி
உயரழுத்தக் கம்பி போகும் பாதையில்
மொத்தம் நாற்பத்தொரு வீடுகள்.
என்னிடம் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி,
பதினேழு கேள்விகள் உள்ள படிவம்.

தலைவலி உண்டா. வாரத்தில் எத்தனை நாள்.
தூக்கம் எப்படி.
வைத்த பொருளை வைத்த இடம் தெரியாமல் தேடுவதுண்டா.

"வெயில்ல உப்பு வார்றவளுக்குத்
தலை வலிக்காம என்ன செய்யும்?"
என்றாள் ஏழாம் வீட்டுக்காரி.
அதை எந்தக் கட்டத்தில் எழுத?

கம்பிக்கு நேர் கீழே இரண்டு புள்ளி நான்கு.
தள்ளிப் போகப் போகக் குறைகிறது.
மிக்ஸி ஓடினால் அதன் பக்கத்தில் பதினொன்று,
அணைத்தால் ஒன்றுமில்லை.
எண்கள் நாணயமானவை.
என்ன அர்த்தம் என்று கேட்டால்தான்
முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன.

பத்தொன்பதாம் வீடு. களஞ்சியம்.
கணவர் பெயர் வழிவிட்டான்.
துணைமின் நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் ஒப்பந்தக் கூலி.
கடற்காற்று கொண்டுவந்து அப்பும் உப்பை
பீங்கான் வட்டுகளிலிருந்து கழுவுகிற வேலை.
வயது ஐம்பத்தாறு.
கஞ்சிக் கும்பாவை முன்னால் வைத்துக்கொண்டு
"உப்புப் போட்டியா?" என்கிறார்.
"போட்டேன்."
ஒரு வாய் குடித்துவிட்டு
"உப்புப் போட்டியா?"

நொடிக்கு ஐம்பது முறை
போய்த் திரும்பும் மின்சாரம் என்று விளக்கினேன்.
"இவுக ஒரு நாளைக்கே அம்புட்டுத் தடவை கேக்குறாக.
அந்தக் கரண்டுதான இப்பிடி ஆக்குச்சு?"
மதுரை டாக்டர் சொல்ல முடியாது என்றாராம்.
நானும் அதையேதான் சொன்னேன்.
அவர் ஐநூறு ரூபாய் வாங்கினார்,
நான் ஒரு டம்ளர் மோர்.

"அந்தப் பெட்டியை இவுக தலையில வச்சுப் பாருங்க."
வைத்தேன்.
பூஜ்ஜியம் புள்ளி பூஜ்ஜியம் ஆறு.
சுவரிலும் அதேதான் இருந்தது.
"உள்ள ஒண்ணுமே இல்லையா?"
கருவியைக் கேட்டாளா, அவரையா,
தெரியவில்லை.

பொழுது சாய ஈரக்காற்று எழுந்தது.
கம்பி இரைய ஆரம்பித்தது,
காய்ந்த எண்ணெயில் ஈரக் கறிவேப்பிலை விழுந்தாற்போல்.
கும்பாவைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தார்.
"மூணாவது கோபுரம். நடுச்சரம். கடப்பக்கத்து வட்டு.
கழுவாம விட்டா ராத்திரிக்குள்ள அடிக்கும்."
இவ்வளவு நீளமாய்ப் பேசி எட்டு மாதமாம்.
மகள் பெயர் என்ன என்று கேட்டேன்.
யோசித்தார். சிரித்தார்.

எட்டு மணிப் பேருந்துக்காக அங்கேயே இருந்தேன்.
ஏழே முக்காலுக்கு
உப்புப் பாத்திகளுக்கு மேல் நீலமாய் ஒரு வெடிப்பு.
ஊர் அணைந்தது.
மின்விசிறி தன் பழக்கத்தில் நாலு சுற்று சுற்றி நின்றது.
கருவியில் பூஜ்ஜியம்,
அந்தப் பாதையில் அன்றைக்கு முதல் பூஜ்ஜியம்.

கடைசிக் கேள்வி மிச்சம் இருந்தது:
வேறு ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா.
பேனாவைத் தேடினேன்.
எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.
இருட்டுக்குள் களஞ்சியம்
யாரும் கேட்பதற்கு முன்பே சொன்னாள்,
"போட்டேன்."